ஊசி எண்ணும் மாதிரித் துண்டும்: ஸ்வெட்டர் பின்னுவோர் கேள்விகளுக்குப் பதில்கள்

மஃப்ளரும் குல்லாயும் பின்னிக் கை பழகிய பிறகு, முதன்முறையாகப் பெரியவர்களுக்கான முழு ஸ்வெட்டரைத் தொடங்கியிருக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. முன்பக்கம் திறக்காமல் தலைவழியே மாட்டும் புல்ஓவர் ஸ்வெட்டரைப் பற்றியே பெரும்பாலோர் கேட்டிருப்பதால், இந்த இதழின் பதில்கள் அனைத்தும் அதைச் சார்ந்தே அமைகின்றன. மஃப்ளர் இரண்டு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். ஸ்வெட்டரோ மார்பு, தோள், கை, கழுத்து என நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். உங்களில் யாருக்கும் கைத்திறன் குறைவாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை அளக்காமல் விட்டதாலும் எண்ணாமல் விட்டதாலும் வந்தவை.

கேள்வி: இணையத்தில் கிடைத்த அமெரிக்கச் செய்முறை ஒன்றைப் பார்த்து என் கணவருக்கு ஸ்வெட்டர் பின்னினேன். 8ஆம் எண் ஊசி, உடல் பகுதிக்கு 180 கண்ணி (பின்னல் வளையம்) என்று அதில் போட்டிருந்தது. இங்கே கடையில் 8ஆம் எண் ஊசியே கேட்டு வாங்கி, எண்ணிக்கையில் ஒன்றுகூடப் பிசகாமல் பின்னினேன். 100 செ.மீ. வரவேண்டிய மார்புச் சுற்றளவு 86 செ.மீ.தான் வந்திருக்கிறது. நூலும் அவர்கள் சொன்ன கனம்தான். எங்கே தவறினேன்?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நீங்கள் எண்ணியதில் தவறே இல்லை, உங்களைத் தவறவிட்டது ஊசியின் எண். நம் நாட்டுக் கடைகளில் வழங்கும் ஊசி எண்கள் பழைய ஆங்கிலேய முறையைச் சேர்ந்தவை. அந்த முறையில் எண் ஏற ஏற ஊசி மெலிந்துகொண்டே போகும். அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி தடித்துக்கொண்டே போகும். நம் 8ஆம் எண் ஊசி 4 மி.மீ. குறுக்களவு கொண்டது, அமெரிக்கர்களின் 8ஆம் எண் ஊசி 5 மி.மீ. குறுக்களவு கொண்டது. 10ஆம் எண்ணில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது: நம்முடையது 3.25 மி.மீ., அவர்களுடையது 6 மி.மீ. ஆகவே, எந்த நாட்டுச் செய்முறையாக இருந்தாலும் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். ஊசியின் தலையில் எண் மட்டுமே பொறித்திருந்தால், துளைகள் போட்ட அளவுத் தகடு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஊசி எந்தத் துளையில் தளராமலும் இறுகாமலும் நுழைகிறதோ, அதுவே அதன் அளவு.

உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். 180 கண்ணிக்கு 100 செ.மீ. என்றால், செய்முறை எதிர்பார்த்தது 10 செ.மீ.க்கு 18 கண்ணி. மெல்லிய ஊசியில் உங்களுக்கு ஏறத்தாழ 21 கண்ணி விழுந்திருக்கிறது. 180ஐ 2.1ஆல் வகுத்தால் 86 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். பத்து சென்டிமீட்டருக்குள் வெறும் மூன்று கண்ணி மிகுந்ததுதான் முழு உடம்பையும் சுற்றி வரும்போது 14 செ.மீ. ஆகிவிட்டது.

சரியான ஊசி இருந்தாலும் மாதிரித் துண்டு இல்லாமல் ஸ்வெட்டரைத் தொடங்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே நூலையும் ஒரே ஊசியையும் இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு அளவு வரும். என் கை இறுக்கமானது, 5 மி.மீ. என்று எழுதியிருந்தால் நான் பெரும்பாலும் 5.5 மி.மீ. எடுக்க வேண்டியிருக்கிறது. 40 கண்ணி ஏற்றி, 15 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே அதையும் நனைத்து உலர்த்துங்கள். பிறகு மேசைமேல் இழுக்காமல் பரப்பி, ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. நீளத்துக்கு அளவுகோலை வைத்து, வரிசையில் தெரியும் ‘வி’ வடிவங்களை எண்ணுங்கள். அரைக் கண்ணி வந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஓர் அங்குலத்தை மட்டும் அளந்து அரைக் கண்ணியை விட்டுவிட்டால், 40 அங்குலச் சுற்றளவில் 20 கண்ணி காணாமல் போகும்.

வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னப் போகிறீர்கள் என்றால் மாதிரித் துண்டையும் அவ்வாறே பின்ன வேண்டும். நம்மில் பலருக்கு, முன்பக்கத்தில் பின்னும் நிட் வரிசையைவிட, துணியைத் திருப்பிப் பின்பக்கத்தில் பின்னும் பர்ல் வரிசை தளர்வாக விழும். சுற்றிப் பின்னும்போது பர்ல் வரிசையே வராது என்பதால் அளவு மாறிவிடும்.

பின்னி முடித்ததை என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் மெலிந்த உடம்புக்காரர் யாரும் இல்லையென்றால் பிரித்துவிடுங்கள். பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து நிழலில் தொங்கவிட்டால் கம்பளி நூலின் சுருள்கள் நீங்கிவிடும். சுருளோடு பின்னினால் கண்ணிகள் ஏறியும் இறங்கியும் தெரியும்.

கேள்வி: மாதிரித் துண்டு பின்னி, அளவு சரியாக வந்த பிறகே தொடங்கினேன். அப்படியிருந்தும் முதல் முறை கழுவிய பிறகு ஸ்வெட்டரின் கை, விரல் நுனிவரை நீண்டுவிட்டது. ஏன்?
— ஒரு வாசகி, நுவரெலியா

பதில்: மாதிரித் துண்டைக் கழுவினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கழுவியிருக்க மாட்டீர்கள் என்றே எண்ணுகிறேன், ஏனெனில் என் தந்தைக்குப் பின்னிய முதல் ஸ்வெட்டரில் எனக்கும் இதுவே நேர்ந்தது. அவர் மணிக்கட்டில் சரியாக நின்ற கை, முதல் சலவைக்குப் பிறகு நான்கு சென்டிமீட்டர் இறங்கியது. அவர் அதை மடித்துவிட்டுக்கொண்டு ஏழெட்டு ஆண்டுகள் போட்டார். ஒவ்வொரு முறையும் அந்த மடிப்பைப் பார்க்கும்போது எனக்கு மனம் உறுத்தும்.

இயந்திரத்தில் துவைக்கலாம் என்று உறையில் எழுதியிருக்கும் கம்பளி நூல்களில், இழையின் மேலுள்ள செதில்களை வேதிமுறையில் நீக்கியோ மெழுகுபோல் பூசி மூடியோ இருப்பார்கள். அதனால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல் வழுக்கும். நனைந்ததும் துணி தளர்ந்து நீளும். அத்தகைய நூலில் மாதிரித் துண்டைக் கழுவாமல் எடுக்கும் அளவு பொய்யான அளவு. கழுவுவதற்கு முன்னும் பின்னும் கண்ணிகளை மட்டுமல்லாமல் வரிசைகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டால், எவ்வளவு நீளும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உங்கள் ஸ்வெட்டரைக் காப்பாற்ற வழி இருக்கிறது. மணிக்கட்டுப் பார்டருக்குச் சற்று மேலே ஒரு வரிசையின் கண்ணிகளை மெல்லிய ஊசியில் எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ள வரிசையில் ஒரே ஒரு இழையை வெட்டிப் பார்டரைப் பிரித்தெடுங்கள். தேவையற்ற வரிசைகளையும் பிரித்துவிட்டு, கையிலிருந்து கீழ்நோக்கி புதிய பார்டரைப் பின்னி முடியுங்கள். வெட்டும்போது கை நடுங்குவது இயல்புதான். கண்ணிகள் ஊசியில் பத்திரமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. இனி உலர்த்தும்போது கொடியில் தொங்கவிடாதீர்கள். துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்துவிட்டுப் பாயில் பரப்பிக் காயவையுங்கள்.

கேள்வி: முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நான்கு துண்டுகளாகப் பின்னித் தைத்துப் பழக்கம். தைக்கும் இடத்தில் எப்போதும் எனக்குத் திருப்தி இல்லை. தையலே இல்லாமல் கழுத்திலிருந்து கீழே பின்னும் முறைக்குச் செய்முறைத் தாள் இல்லாமல் நாமே கணக்குப் போட முடியுமா?
— ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: தாராளமாக முடியும். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். இந்த முறையை ராக்லான் என்பார்கள். கழுத்திலிருந்து அக்குள்வரை நான்கு சாய்வுக் கோடுகள் இறங்கும்; அந்தக் கோடுகளின் இருபுறமும் கண்ணி கூட்டிக்கொண்டே வருவதால் தோள், மார்பு, கை மூன்றும் ஒரே நேரத்தில் உருவாகும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் போட்டுக் காட்டுகிறேன். அணியப்போகிறவரின் மார்புச் சுற்றளவு 92 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சட்டை போடுவதற்கும் கை வீசுவதற்கும், தையற்காரர்கள் லூஸ் என்று சொல்வதைப்போல, 8 செ.மீ. சேர்த்து 100 செ.மீ. ஸ்வெட்டர் பின்னுவோம். 4.5 மி.மீ. ஊசியில் உங்கள் மாதிரித் துண்டு, கழுவிய பிறகு, 10 செ.மீ.க்கு 20 கண்ணியும் 28 வரிசையும் காட்டுகிறது. அப்படியானால் மார்பில் 200 கண்ணி வேண்டும். ஒவ்வோர் அக்குளிலும் 12 கண்ணி புதிதாக ஏற்றப் போகிறோம். இரண்டுக்கும் 24 போக 176 மீதி. முன்பக்கத்துக்கு 88, பின்பக்கத்துக்கு 88.

இப்போது கழுத்துக்கு வருவோம். பின்பக்கம் 36, கை 10, முன்பக்கம் 36, கை 10 என 92 கண்ணி ஏற்றி, நான்கு பிரிவுகளுக்கும் இடையே வேறு நிற நூலால் சிறு வளையங்களைப் போட்டு அடையாளம் வையுங்கள். 92 கண்ணிக்கு 46 செ.மீ. கழுத்து வரும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில், ஒவ்வோர் அடையாளத்துக்கும் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக எட்டுக் கண்ணி கூட்ட வேண்டும். 36 கண்ணி 88 ஆக 52 கண்ணி கூட வேண்டும். ஒரு கூட்டல் சுற்றில் முன்பக்கத்துக்கு இரண்டு கிடைப்பதால் 26 கூட்டல் சுற்றுகள், இடைச் சுற்றுகளையும் சேர்த்து 52 சுற்றுகள். 52ஐ 2.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18.5 செ.மீ. ஆழம். இதற்குள் கை 10இலிருந்து 62 கண்ணியாக வளர்ந்திருக்கும். கைக் கண்ணிகளைத் தனி நூலில் கோத்து நிறுத்திவிட்டு, அக்குளில் 12 கண்ணி ஏற்றி, முன்னையும் பின்னையும் இணைத்துக் கீழே நேராகப் பின்னிக்கொண்டு போகலாம்.

கையின் கணக்கும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. 62உடன் அக்குளில் எடுக்கும் 12 சேர்ந்து 74 கண்ணி, அதாவது 37 செ.மீ. சுற்றளவு. அணிபவரின் கை மெலிந்ததாக இருந்தால், கடைசி மூன்று கூட்டல் சுற்றுகளில் உடல் பக்கம் மட்டும் கூட்டிக் கைப் பக்கத்தை விட்டுவிடுங்கள். கை 34 செ.மீ. ஆகிவிடும். 74 கண்ணியை மணிக்கட்டில் 44 ஆக்க 30 குறைக்க வேண்டும். சுற்றுக்கு இரண்டாக 15 முறை. 45 செ.மீ. கையில் 6 செ.மீ. பார்டரைக் கழித்தால் 39 செ.மீ., அதாவது 109 சுற்றுகள். ஏழு சுற்றுக்கு ஒருமுறை குறைத்தால் 105 சுற்றில் முடிந்துவிடும். கழுத்தின் 92, உடலின் 200, மணிக்கட்டின் 44 மூன்றும் நான்கால் வகுபடுவதைப் பாருங்கள். இரண்டு நிட், இரண்டு பர்ல் எனப் பார்டர் போடும்போது மிச்சம் விழாமல் இருக்க, தொடக்கத்திலேயே இதற்கு இடம் வைத்துக் கணக்குப் போட வேண்டும். பார்டருக்கு 3.75 மி.மீ. ஊசியை எடுங்கள், உடலுக்கு எடுத்த ஊசியிலேயே போட்டால் ஓரம் பிடிப்பில்லாமல் விரிந்து நிற்கும்.

ஒரு குறையை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னபடி அப்படியே பின்னினால் முன்கழுத்தும் பின்கழுத்தும் ஒரே உயரத்தில் இருக்கும். முன்பக்கம் தொண்டையை அழுத்தும். இதைத் தவிர்க்க, கழுத்துப் பார்டர் முடிந்ததும் முன்பக்கம் போகாமல் பின்பக்கத்திலும் தோளிலும் மட்டும் ஊசியைத் திருப்பித் திருப்பி ஆறு அரைவரிசைகள் பின்னுங்கள். பின்கழுத்து 2 செ.மீ. உயர்ந்துவிடும். இந்த அரைவரிசைகளிலும் அடையாளத்தின் இருபுறமும் கண்ணி கூட்டினால் பின்னர் வரும் கணக்கில் அவற்றைக் கழிக்க நேரும்; முதல் ஸ்வெட்டரில் கூட்டாமல் பின்னுவதே எளிது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, பாதி பின்னியதை உடம்பில் போட்டுப் பார்க்க முடிவது. அக்குளைச் சேர்த்து ஒரு சாண் பின்னியதும் எல்லாக் கண்ணிகளையும் நீளமான நூலில் கோத்து, உரியவருக்கு மாட்டிப் பாருங்கள். தவறு இருந்தால் அப்போதே தெரியும்.

கேள்வி: அக்குளில் கண்ணி எடுக்கும் இடத்தின் இரு முனைகளிலும் ஓட்டை விழுகிறது.
— ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: நிறுத்தி வைத்த கைக் கண்ணியும் புதிதாக ஏற்றிய கண்ணியும் சேரும் மூலையில் துணி இழுபடுவதால் விழும் ஓட்டை அது. இரு மூலைகளிலும் ஒவ்வொரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றிலேயே அதைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிடுங்கள். கூடுதல் கண்ணியை எடுக்கும்போது மூலையில் நீண்டு தெரியும் இழையை அப்படியே எடுக்காமல் ஒருமுறை முறுக்கி எடுக்க வேண்டும். பிறகும் சிறிது தெரிந்தால், நூல் முனையைக் கோக்கும் ஊசியால் உள்பக்கம் மூடிவிடலாம். பிரிட்டிஷ் கடற்கரை மீனவர்களின் கெர்ன்ஸி ஸ்வெட்டர்களில் அக்குளுக்கென்றே வைர வடிவத்தில் தனிச் சதுரம் வைத்துப் பின்னுவார்கள். வலையை இழுக்கும்போது கை தாராளமாக உயர வேண்டும், அந்த இடம் கிழியவும் கூடாது என்பதற்காக. அக்குளில் நாம் ஏற்றும் 12 கண்ணி அதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது; அதை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

கேள்வி: ஆறு வயது மகனுக்குப் பின்னிய ஸ்வெட்டர் உடம்புக்குச் சரியாக இருக்கிறது. தலைதான் நுழையவில்லை, மாட்டும்போதெல்லாம் அழுகிறான்.
— ஒரு வாசகி, வால்பாறை

பதில்: சிறு குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது. ஆறு வயதில் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 50 செ.மீ.யைத் தாண்டியிருக்கும். கழுத்துப் பார்டர் விரியக்கூடியதுதான். அதை விரியவிடாமல் பிடித்திருப்பது நீங்கள் கண்ணிகளை அடைத்த கடைசி வரிசை. அந்த ஒரு வரிசையைப் பிரித்து, இரண்டு கண்ணிகளைப் பின்புறமாகச் சேர்த்துப் பின்னுங்கள்; கிடைக்கும் ஒரு கண்ணியை இடது ஊசிக்கே திருப்பி, அடுத்ததோடு மறுபடியும் அவ்வாறே சேர்த்துப் பின்னிக்கொண்டு போங்கள். இந்த அடைப்பு ரப்பர்போல விரியும். நூலை அறுப்பதற்கு முன்பு குழந்தையின் தலையில் மாட்டிப் பாருங்கள். அப்போதும் இறுகினால் கழுத்தைச் சுற்றிக் குறைவான கண்ணிகள் எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்; பக்கவாட்டு ஓரத்தில் நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி, அடைத்த ஓரத்தில் ஒன்றுக்கு ஒன்று என எடுத்து மீண்டும் பின்னுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வரிசைக்குக் கீழே ஓரிடத்தில் நிட் போட வேண்டியதைப் பர்ல் போட்டிருக்கிறேன். அத்தனையையும் பிரிக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: வேண்டாம். தவறான கண்ணிக்கு நேர் கீழே உள்ள கண்ணியில் முதலில் ஓர் ஊக்கைக் குத்திவிடுங்கள். அவிழ்வது அதற்குக் கீழே போகாது. பிறகு தவறுக்கு நேர் மேலே, ஊசியில் இருக்கும் அந்த ஒற்றைக் கண்ணியை மட்டும் கழற்றி, வரிசை வரிசையாக இறங்கவிடுங்கள். கண்ணி இறங்கிய இடத்தில் குறுக்கு இழைகள் ஏணிப்படிபோல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். குரோஷா ஊசியை முன்பக்கத்திலிருந்து அடிக் கண்ணிக்குள் விட்டு, அதற்கு நேர் மேலுள்ள முதல் படியைப் பிடித்துக் கண்ணிக்குள் இழுங்கள். ஒரு ‘வி’ உருவாகும். அந்தப் புதிய கண்ணிக்குள் அடுத்த படியை இழுங்கள். ஒவ்வொரு படியையும் வரிசை மாறாமல் பிடிப்பதில்தான் கவனம் வேண்டும். ஒன்றைத் தாண்டிவிட்டால் பின்பக்கம் ஒரு இழை தொங்கும். மேலே வந்ததும் கண்ணியை முறுக்காமல் ஊசியில் ஏற்றுங்கள். சரிசெய்த இடம் முதலில் சற்றுக் கோணலாகத் தெரிந்தாலும் கழுவியதும் அடங்கிவிடும்.

கேள்வி: கம்பளி நூலா, அக்ரிலிக் நூலா? எவ்வளவு வாங்க வேண்டும்?
— ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: அன்றாடம் போட்டு அடிக்கடி துவைக்கும் பள்ளிக் குழந்தைக்கு அக்ரிலிக் போதும், விலையும் குறைவு. உதகைக் குளிரில் காலை நடைக்குப் போகும் பெரியவருக்குக் கம்பளியையே வாங்குங்கள். கம்பளி ஓரளவு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கதகதப்பைத் தரும். அக்ரிலிக்கிடம் அந்தக் குணம் இல்லை. 100 செ.மீ. ஸ்வெட்டருக்கு, மேலே சொன்ன 4.5 மி.மீ. ஊசிக்கு ஏற்ற கனத்தில், 500 முதல் 600 கிராம் நூல் வேண்டும். எல்லா உருண்டைகளின் உறையிலும் சாய எண் (ஒன்றாகச் சாயமேற்றிய தொகுதியைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரே முறையில் வாங்கிவிடுங்கள். நிறத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் சாய எண் மாறினால், மார்பின் நடுவே ஒரு கோடு போட்டதுபோல வேறுபாடு தெரியும். வேறு வழியின்றி இரண்டு சாய எண்கள் கலந்துவிட்டால், இரண்டு உருண்டைகளை வைத்துக்கொண்டு சுற்றுக்குச் சுற்று மாற்றிப் பின்னுங்கள், கோடு விழாது.

அக்ரிலிக் ஸ்வெட்டரின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒருபோதும் வைக்காதீர்கள். இழை உருகித் தட்டையாகி, துணி உயிரற்றுத் தொங்கும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கம்பளியைக் கொதிநீரில் ஊறவைத்துக் கசக்கினால் அது சுருங்கித் தடித்த கம்பளம்போல ஆகிவிடும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசும் நீரும் அதே வெதுவெதுப்பில் இருக்குமாறு பார்த்துக்கொண்டு, பிழியாமல் அழுத்தி எடுத்தால் போதும்.